குமுதா பேசாத மார்கழி

குமுதாவின் வாயைப் பற்றிக் கதை சொல்லாத ஆள் அந்த எஸ்டேட்டில் கிடையாது. அவள் பிறந்து வளர்ந்தது திரிங்காப் என்கிற மலையூரில், காய்கறித் தோட்டத்துச் சரிவில். மேலே கோஸ் அறுக்கிற அப்பாவைக் கீழே லோரிக்காரன் தேடுகிறான் என்றால் யாரும் ஏறிப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளை குமுதா நின்ற இடத்திலிருந்தே ஒரு சத்தம் கொடுப்பாள். பக்கத்துத் தோட்டத்துச் சீனரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். இந்தத் தேயிலை எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிற புனிதனுக்கு வாழ்க்கைப்பட்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. மலையில் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டும்போது அவள் பேச்சு நிரையின் ஒரு கோடியில் கிளம்பி மறு கோடியில் போய் நிற்கும். "இவ வாயை வாடகைக்கு எடுத்தா ஆபீஸ்ல மைக்கு வாங்க வேண்டியதில்ல" என்பார் கங்காணி காளியண்ணன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் கார்த்திகை தீபத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தைப்பூசத்தன்று டவுன் முருகன் கோயிலுக்கு, நாக்கில் சின்ன வெள்ளி வேல் குத்தி வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு நடந்து போய்ச் சேருகிறவரை மௌன விரதம். எல்லாம் பிள்ளைக்காக.

பிள்ளையின் பெயர் யுவனேஸ்வரன். பெயர்தான் நீளம், அதில் ஓர் எழுத்தைக்கூட அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று வயது முடிந்து நாலு நடக்கிறது. காது நன்றாகத்தான் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மைலோ பானத்தூள் டின் திறக்கிற சத்தத்துக்கு எந்த வீட்டில் இருந்தாலும் ஓடி வருவான். எது வேண்டுமோ அதனிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். பேச்சு மட்டும் இல்லை. பேசி விளையாட லயத்தில் அவன் வயதில் ஒரு பிள்ளையும் இல்லை. தமிழ்க் குடும்பங்களில் பாதி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போயாயிற்று. இப்போது அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள், நேப்பாளிகள். அவர்களும் அவனைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், அவரவர் பாஷையில்.

குமுதா கொழுந்து வெட்ட மலைக்குப் போனால் யுவனைப் பார்த்துக்கொள்வது புனிதனின் அக்கா மலர். அதே லயத்தில்தான் இருக்கிறாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. தம்பியையும் அவள்தான் தூக்கி வளர்த்தாள். யுவன்மேல் அவளுக்கு உயிர் என்று சொல்வது போதாது. அவன் கை நீட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும், முகம் சுளிப்பதற்குள் பிஸ்கட் வந்துவிடும். கேட்கிற வேலையை மலர் அவனுக்கு வைத்ததே இல்லை.

அந்த மலர்தான் எஸ்டேட் கோயில் பூஜையில், பத்துப் பேர் பார்க்க, அதைச் சொன்னாள்.

"நீ மூச்சு விடாம பேசுற குமுதா. வீட்டுல இருக்கற பேச்சையெல்லாம் நீயே எடுத்துக்கிட்டா புள்ளைக்கு என்ன மிஞ்சும்? உன் வாயைப் பூட்டு. முருகன் அவன் வாயைத் தொறந்து விடுவான்."

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை அவளும் மனதுக்குள் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள். என்னாலதானோ? இந்தப் பாழாய்ப்போன வாயாலதானோ? பெற்றவளிடம் யார் என்ன பழியைச் சொன்னாலும் அது பாதி அவளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. குமுதா கையை நீட்டினாள். பூசாரி காப்புக் கட்டினார். மலர் கண்ணில் நீரோடு அவளைக் கட்டிக்கொண்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதே வாரத்தில் டவுன் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. எந்தக் காலத்திலோ பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது, மறந்தே போயிருந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு மிஸ் மாதத்துக்கு ஒரு முறை ஈப்போவிலிருந்து மலைக்கு வருகிறார், அழைத்து வாருங்கள் என்றார்கள். புனிதன் லீவு போட்டான். அவள் சைகை காட்டினாள், அவன் பிள்ளையைக் குளிப்பாட்டினான். மூவரும் போனார்கள்.

அறைக்குள் போனதும் புனிதனுக்கு முகம் விழுந்துவிட்டது. மேசை இல்லை, மெஷின் இல்லை. தரையில் பாய், பிளாஸ்டிக் சட்டி பானை, சோப்பு நுரை ஊதுகிற குழல், ஒரு மஞ்சள் லோரி. அதற்கு நடுவே சம்மணம் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரென்று பார்த்தால் ஷஃபிகா, தானா ராத்தா டவுனில் ரொட்டி சானாய்ப் பரோட்டா போடுகிற ஈசா பாயின் மகள். படித்துவிட்டு ஈப்போவில் வேலையாக இருக்கிறாள் என்று பாய் கல்லாவில் இருந்துகொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள்தான் மிஸ்.

"மருந்து ஏதாச்சும் இருக்கா மிஸ்?" என்றான் புனிதன்.

"மருந்தெல்லாம் இல்லண்ணே. வெளையாட்டுத்தான்."

இதற்கா லீவு போட்டோம் என்று அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுவன் நேரே லோரியிடம் போனான். ஷஃபிகா அவனைக் கூப்பிடவில்லை, மடியில் வைக்கவில்லை, அது என்ன இது என்ன என்று கேட்கவில்லை. அவன் லோரியைத் தள்ளினால் அவளும் ஒரு கிண்ணத்தை எடுத்து அதன் பின்னால் தள்ளினாள். "லோரி போகுது. போகுது, போகுது..." என்றவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கிண்ணமும் நின்றது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். யுவன் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து அவன் உதடு இரண்டும் சேர்ந்து "ப்" என்று பிரிந்தன.

"போகுது!" என்று ஷஃபிகா அந்த நொடியே கிண்ணத்தைத் தள்ளினாள். யுவன் சிரித்தான். மறுபடி "ப்" என்றான்.

குமுதா ஓரெட்டு முன்னால் வந்துவிட்டாள். இத்தனை காலத்தில் இப்படி ஒரு சத்தத்தை அவன் ஆளைப் பார்த்துப் போட்டு அவள் கண்டதில்லை.

"பாத்தீங்களா அக்கா? அவன் என்ன செய்யறானோ அதைச் சின்னதா சொல்லணும். சொல்லிட்டு நிறுத்தி, அவனுக்கு எடம் விடணும். அவன் வாயிலேருந்து எது வந்தாலும், அரைச் சத்தமா இருந்தாலும், உடனே பதில் கொடுக்கணும். பந்து போட்டா திரும்பி வரணும்ல? வரலன்னா மறுபடி எதுக்குப் போடப் போறான்? இதை நான் மட்டும் எப்பவாச்சும் வந்து செஞ்சா பத்தாது. தெனமும் வீட்டுல நீங்கதான் செய்யணும். வாங்க, இப்ப நீங்க உக்காருங்க."

குமுதா உட்கார்ந்தாள். யுவன் லோரியை அவள் முட்டிவரை கொண்டுவந்து இடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அவ பேசமாட்டா மிஸ்" என்றான் புனிதன், தரையைப் பார்த்தபடி. விஷயத்தைச் சொன்னான்.

ஷஃபிகா கோபப்படவில்லை. காப்பைப் பார்த்தாள், குமுதாவின் முகத்தைப் பார்த்தாள். "அக்கா பேச்சாலதான் இவன் பேசலன்னு யாரு சொன்னது?"

புனிதன் தரையில் கிடந்த கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்படி ஒண்ணும் கெடையாது. பேச்சு நெறைய கேட்டு எந்தப் புள்ளைக்கும் வாய் அடைச்சதில்ல. நடுவுல கொஞ்சம் நிறுத்திக் கத்துக்கணும், அவ்ளோதான். நிறுத்தறது வேற அக்கா, பூட்டறது வேற."

"தைப்பூசம் முடிஞ்சு ஆரம்பிச்சா பரவால்லியா மிஸ்?"

"நானும் நோன்பு புடிக்கறவதாண்ணே. சாமிக்குச் சொன்ன வாக்கை விடுங்கன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா இப்பத்தான் சத்தம் எட்டிப் பாக்குது. வர்ற நேரத்துல பதில் இல்லன்னா உள்ள போயிடும். அதுவரைக்கும் நீங்களாச்சும் பேசணும்."

புனிதன் தலையை ஆட்டினான். ஆட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

அன்றிலிருந்து வீட்டில் நடந்ததை ஒரு கூத்து என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு, குமுதாவுக்கு நரகம். புனிதன் வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை எதிரில் நிறுத்தி கடையில் வாங்கின பொம்மை லோரியைத் தூக்கிக் காட்டுவான். "இது என்ன? லோரி. சொல்லு, லோரி. சொல்லுடா." லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரன்கூட அவ்வளவு முறைக்க மாட்டான். யுவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மலர் வேறு ரகம். பிஸ்கட்டை உயரத் தூக்கிப் பிடித்து "அத்தைன்னு சொல்லு, தர்றேன்" என்பாள். அவன் கண் கலங்கியதும் மனசு கேட்காமல் இரண்டாக வாயில் திணித்துவிடுவாள். வாய் நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு பிள்ளை எதைச் சொல்லும்?

குமுதா அடுப்பங்கரை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பாள். இப்படி இல்ல, கேக்காதீங்க, கூட வெளையாடுங்க, காத்திருங்க என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சுதான் இல்லை. ஒரு தரம் தாங்கமாட்டாமல் மலரின் கையைப் பிடித்து இழுத்து, தரையில் உட்காரும்படி காட்டினாள்.

"விரதக்காரி நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் மலர்.

பேசாமல் இருப்பதைத் தவிர அவள் வேறு என்ன செய்துகொண்டிருந்தாள்?

மலையில் பனி இறங்குகிற நேரத்தில், கூட வெட்டுகிற பையன்கள் தள்ளிப் போயிருக்கும்போது, குமுதா வாயை அகலத் திறந்து நிற்பாள். சத்தம் வராமல் தொண்டை மட்டும் வலிக்கும். சாமியை நம்பாதவளாக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அவள் நம்புகிறவள். வாக்கை மீறிப் பேசி, நாளைக்குப் பிள்ளை ஊமையாகவே நின்றுவிட்டால்? அதைச் செய்தது அவள் வாய் என்று ஊர் சொல்வதற்கு முன் அவளே சொல்லிக்கொள்வாள். பேசாமல் இருந்து அவன் ஊமையாகப் போனாலோ, யாரும் ஒரு குற்றமும் சொல்ல மாட்டார்கள். பாவம் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மலரைப் பகைத்துக்கொண்டாலும் ஆகாது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேறு வாசல் இல்லை. குடியிருக்கிற வீடோ எஸ்டேட்டுடையது, வேலை இருக்கிறவரை வீடு.

ஆனாலும் கை இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் உட்கார்ந்து, யுவன் உருட்டிவிடுகிற டின்னைக் கையால் மறித்துப் பிடிப்பாள். அவன் முகம் பார்க்கிறவரை விடமாட்டாள். பார்த்ததும் விடுவாள், டின் கடகடவென்று ஓடும், அவன் குதிப்பான். ஷஃபிகா சொன்ன அதே விளையாட்டு, பேச்சை எடுத்துவிட்ட விளையாட்டு. இரண்டு மூன்று தரம் அவனிடமிருந்து "ம்" என்று வந்தது. அவள் கைதட்டினாள். அவன் கையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தான். இன்னொரு முறை "ம்" என்றான். அவள் இன்னும் வேகமாகத் தட்டினாள்.

யுவன் எழுந்து வந்து அவள் மடியில் ஏறினான். மண் படிந்த விரல்களை அவள் உதட்டுக்கு நடுவே வைத்து, டின் மூடியைத் திறக்கிற மாதிரி நெம்பினான். பல்லில் நகம் பட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழ அதற்குள் அவளுக்குப் பழகியிருந்தது.

அடுத்த முறை கிளினிக்கில் யுவன் லோரியை எடுத்தான், தள்ளினான். ஷஃபிகா நிறுத்திக் காத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் லோரியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து விளையாட ஆரம்பித்தான். நுரை ஊதினாள், கிண்ணத்தைத் தட்டினாள். ஒரு "ப்" கூட வரவில்லை.

"சத்தம் கொறஞ்சிருச்சு அக்கா" என்றாள் ஷஃபிகா. நுரைக் குழலைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். முடிவு நீங்கதான் எடுக்கணும். அவன் யார் முகத்தைப் பாத்துச் சத்தம் போடறானோ, அந்த ஆள்கிட்டேருந்துதான் பதில் வரணும். அவன் உங்களைத்தான் பாக்கறான்."

குமுதா காப்புக் கட்டிய கையை எடுத்து மற்றக் கையால் மூடிக்கொண்டாள். ஷஃபிகா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் புனிதன் தானாகவே "அக்காகிட்ட பேசிப் பாக்கட்டுமா?" என்றான். அவள் வேகமாகத் தலையாட்டினாள். போனான். குமுதா வாசலில் நின்று காத்திருந்தாள். மலரின் குரல் மட்டும்தான் வெளியே கேட்டது.

"பாதியில விட்டா சாமிக்குத்தம்டா. இன்னும் கொஞ்ச நாளுதான்லா, பொறுக்க முடியாதா? அந்தப் பொண்ணுக்கு நம்ம நேத்திக்கடன் என்ன தெரியும்? புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீ பதில் சொல்லுவியா?"

புனிதன் பிடரியைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தான். தூக்கி வளர்த்தவளை எதிர்த்து அவன் பிறந்ததிலிருந்து பேசியதில்லை. "கொஞ்ச நாளுதானே" என்றான். குமுதா அவனைப் பார்த்த பார்வைக்குச் சைகை எதுவும் தேவைப்படவில்லை.

தைப்பூசம் வந்தது. ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் புடவையில் ஈரத்தோடு நின்றாள். பூசாரி திருநீறு பூசி, நாக்கை நீட்டச் சொல்லி வேலைக் குத்தினார். அவளுக்கு அது வலிக்கவே இல்லை. இன்றோடு முடிந்தது, கோயில் வாசலில் வேலை எடுத்ததும் பேசலாம் என்கிற ஒரே நினைப்பில் நடந்தாள். பக்கத்தில் பால்குடத்தோடு மலர். கொஞ்சம் முன்னால் புனிதன், அவன் தோளில் யுவன். எஸ்டேட் ஜனம் மொத்தமும் கூட வந்தது.

கடைத்தெரு முனையில் உறுமி மேளக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். காதடைக்கிற அடி. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. யுவன் மிரண்டுபோய் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பித் தேடினான். புகை விலகியது. அவளைக் கண்டுவிட்டான்.

"ம்மா!"

தெளிவாக வந்தது. மேளத்தையும் தாண்டி வந்தது.

மலருக்குத்தான் முதலில் கேட்டது. "பேசிட்டான்! முருகா, எம்புள்ள பேசிட்டான்!" என்று பால்குடத்தோடு நடுரோட்டில் முழங்காலிட்டாள். "வேல் வேல்" என்று கூட்டம் முழங்கியது. காளியண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். மேளக்காரர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். எல்லோரும் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கூப்பிட்ட பிள்ளையைப் பார்த்து ஏன் என்று கேட்க அத்தனை பேரில் ஓர் ஆள் இல்லை.

"ம்மா!" என்றான் மறுபடியும், கையை நீட்டிக்கொண்டு.

குமுதா நின்றுவிட்டாள். நாக்கு அசையவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், வா வா என்று காட்டினாள். அந்தக் கைகளைத்தான் அவன் இத்தனை நாளாகப் பார்த்துவிட்டானே.

மூன்றாவது முறை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் முகம் மெல்ல வேறு பக்கம் திரும்பத் தொடங்கியது. கிளினிக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிய அதே திரும்பல். கோயில் இன்னும் மேட்டுக்கு மேலே இருந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் உள்ளே போய்விடுவான், அப்புறம் எந்தத் தைப்பூசத்தில் வெளியே வருவானோ.

கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எடுக்காதடி! கோயில் வரல, எடுக்காத!" என்று மலர் அலறினாள்.

குமுதா வேலை உருவினாள். பூசாரி எடுத்தால் ரத்தம் வராது என்பார்கள். அவள் எடுத்ததில் வந்தது.

"ஏன்யா?" என்றாள்.

தடித்த நாக்கில் அது பாதிதான் பேச்சாக வந்தது. ஆனால் வந்தது. திரும்பிக்கொண்டிருந்த முகம் நின்றது. "ஏன்யா? அம்மா இந்தா இருக்கேன்யா" என்று அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், புனிதன் தோளிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். புனிதன் தடுக்கவில்லை.

மலர் எழுந்து வந்தாள். முகமெல்லாம் பால். "சாமி கொடுத்ததைக் கையால தட்டிவிட்டுட்டியே. இனிமே இவன் பேசலன்னா உன்னாலதான், தெரிஞ்சுக்க" என்றாள். சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

அது குமுதாவுக்குத் தெரியாததா? இனி அவனுக்கு எந்த வார்த்தை வரத் தாமதமானாலும் அது அவள் கணக்கில்தான் ஏறும். நாளைக் காலையில் அதே வாசலில், அதே மலரிடம்தான் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலையேற வேண்டும். சாமி என்ன செய்யப்போகிறதோ, அந்தப் பயமும் இருந்தது. எதுவும் தீர்ந்துவிடவில்லை.

யுவன் அவள் தாடையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துப் பின்னால் சாய்ந்தான். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, வேலை ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடி மேடு ஏறினாள். கூட்டம் வழிவிட்டது. யாரும் "வேல் வேல்" சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவன் அவள் காதருகே, சோதித்துப் பார்க்கிற மாதிரி, மெதுவாக "ம்மா" என்றான்.

"ஏன்யா" என்றாள்.

கோயில் வாசல் வருகிறவரை அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவள் நாக்கு வீங்கி, கடைசியில் வெறும் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு தடவைகூட அவள் பதில் சொல்லாமல் விடவில்லை.